முப்பத்தெட்டு மீட்டர் பித்தளையும் ஒரு மீசையும்

என் மனைவியின் ஒரே தம்பியும், நிஜ ரயில் எஞ்சின் ஓட்டுபவனும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது ஒரு மீசைக்குச் சொந்தக்காரனுமான அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, என் தண்டவாளம் மூவரும் சௌக்கியம். அங்கே நீ, உன் மனைவி, உன் மீசை மூவரும் சௌக்கியம்தானே? மூன்றாமவரை மட்டும் இன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள். பிறகு பார்க்கக் கிடைக்காது.

ஓடிவிட்டது! ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு பதினேழுக்கு, எங்கள் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில், என் ரயில் முப்பத்தெட்டு மீட்டர் பித்தளைத் தண்டவாளத்தில் ஒரு முழுச் சுற்று, எங்கேயும் நிற்காமல், தடம் புரளாமல், யாரும் கை வைக்காமல், இரண்டு நிமிடம் பதினோரு நொடியில் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. இந்த வாக்கியத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். எழுத எழுத நன்றாக இருக்கிறது.

உனக்கு மறதி அதிகம், அதுவும் தோற்ற விஷயங்களில். அதனால் போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ இங்கே சாப்பிட வந்திருந்தாய். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை முழுவதும் உன் அக்கா தைக்கும் திரைச்சீலைத் துணி பரந்து கிடக்கும் என்பதால், ஆறு வருஷமாக நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் சாப்பிடுகிறோம். நீயும் அப்படியே சாப்பிட்டாய். அப்போது உன் கண்ணில் என் ரயில் பட்டது. அது மதிலோரத்து எலுமிச்சை மரம் வரை போய், அங்கே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. நீ தட்டோடு எழுந்து வந்து, "அத்தான், நான் ஆயிரத்து ஐந்நூறு பேரை உக்கார வெச்சு இழுத்துக்கிட்டுப் போறேன். உங்களால நாலு காலி டப்பாவை எலுமிச்சை மரத்தைத் தாண்டிக் கொண்டுபோக முடியலையே" என்று சிரித்தாய். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமைக்குள்ள இது யாரும் கை வைக்காம ஒரு முழுச் சுத்து வந்துட்டா என் மீசையை எடுத்துடறேன்" என்றாய். நானும் ரோஷக்காரன். "வரலைன்னா நானே தண்டவாளத்தைப் பிடுங்கிட்டு, அந்த இடத்துல உங்க அக்காவுக்குத் தையல் கொட்டகை போட்டுத் தர்றேன்" என்றேன். உன் அக்கா அந்தக் கொட்டகையை எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது உனக்கே தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பல் டாக்டர் சாட்சி.

இனி நான் பட்ட பாட்டை முதலிலிருந்து கேள். உனக்கென்ன, எஞ்சினில் ஏறி உட்கார்ந்தால் கீழே தண்டவாளம் தயாராக இருக்கிறது, தலைக்கு மேலே கம்பியில் கரண்டு தயாராக இருக்கிறது. யாரோ போட்டு வைத்ததில் நீ போய்க்கொண்டே இருக்கிறாய். என் கதை அப்படியா? இது மேசை மேல் ஓடும் சின்ன ரயிலும் அல்ல. எஞ்சின் மட்டும் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். எடை மூன்று கிலோ இருநூறு கிராம், நானே நிறுத்தேன். வெயிலிலும் மழையிலும் வெளியிலேயே கிடக்க வேண்டிய தண்டவாளம் இதற்கு வேண்டும். உன் அக்காவையும் கூட்டிக்கொண்டு ரயில் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது அலுமினியம் சார், லேசு, ஆனா யாராவது மிதிச்சா வளைஞ்சுடும். இது எவர்சில்வர், மழையில கிடந்தாலும் கறுக்காது, ஆனா கரண்டை அவ்வளவு நல்லா கடத்தாது. இது பித்தளை, கரண்டை நல்லா கடத்தும், ஆனா கறுத்துக்கிட்டே இருக்கும், தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். பேட்டரி வெச்சு ஓட்டறதா இருந்தா எதுவும் பிரச்சினையில்லை, தண்டவாளத்துல கரண்டே வேண்டாம்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பேட்டரி வைத்து ஓட்ட அது என்ன டார்ச் லைட்டா? ரயில் என்றால் தண்டவாளத்திலிருந்து உயிர் எடுக்க வேண்டும். நான் முப்பத்தொரு வருஷம் கடைகடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்து முத்திரை போட்டவன். என் கையில் புழங்கிய எடைக்கற்கள் எல்லாம் பித்தளை. பித்தளை என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. "பித்தளையே கொடுங்க" என்றேன். உன் அக்கா மட்டும், "பேட்டரின்னா எத்தனை வோல்ட்டுங்க வேணும்?" என்று கடைக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எந்தக் கடைக்குப் போனாலும் வாங்காத பொருளைப் பற்றி நாலு கேள்வி கேட்காமல் வரமாட்டாள். வெளியே வந்ததும் என்னிடம், "பித்தளையை யாரு துலக்கறது?" என்றாள். "தண்டவாளத்தை யாராவது துலக்குவாங்களா?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றுவரை முட்டி வலிக்கிறது.

தண்டவாளம் வந்து இறங்கியது. முதலில் வாங்கிய வளைவுகள் குறுகலானவை. நம் தோட்டம் சிறியது, வளைவும் சிறியதாக இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். நீளமான எஞ்சின் அந்த வளைவில் திரும்பப் பார்த்தது, முடியவில்லை, நேராகச் சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. எடுத்துக் கழுவி மறுபடி விட்டேன். மறுபடி அதே சாக்கடை. மூன்றாம் முறை நான் விடுவதற்கு முன்பே உன் அக்கா வாளியில் தண்ணீரோடு வந்து நின்றாள். அத்தனையையும் கொண்டுபோய்க் கொடுத்து இரண்டு மடங்கு அகலமான வளைவுகள் வாங்கினேன். அவற்றுக்கு இடம் போதாமல் துணிக்கொடி நகர்ந்தது, குப்பைத்தொட்டி நகர்ந்தது, பூச்செடிகள் நகர்ந்தன. உன் அக்கா மட்டும் நகரவில்லை. கொல்லைக் கதவருகே நின்றுகொண்டு, "இந்த இடத்துலதான் கொட்டகை கேட்டேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்குக் காது கேட்கவில்லை. கேட்டது, ஆனால் கேட்கவில்லை.

அடுத்தது பவர் சப்ளை. உன் அக்கா அதைக் கரண்டு பெட்டி என்பாள், நானும் அப்படியே எழுதுகிறேன். ரயிலோடு இனாமாக வந்த பெட்டி ஒரு ஆம்பியர். எஞ்சின் மட்டும் ஓடினால் ஓடும். முன்விளக்கைப் போட்டால் சோர்ந்துவிடும். புகை விடும் கருவியையும் சேர்த்துப் போட்டால் டக்கென்று கண்ணை மூடிவிடும். போய்க் கேட்டால் கடைக்காரர், "வோல்ட் தள்ளும் சார், ஆம்பியர்தான் தாங்கும். உங்களுக்குத் தாங்கறது பத்தலை" என்று சொல்லி ஐந்து ஆம்பியர் பெட்டியைக் கொடுத்தார். அது வந்ததும் வீட்டுப் பக்கம் ரயில் பிய்த்துக்கொண்டு போயிற்று. மதிலோரம் போனால் அதே கதை. அளந்து பார்த்தேன். வீட்டருகே இருபது வோல்ட், எலுமிச்சை மரத்தடியில் பதின்மூன்று. வழியில் உள்ள ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறது. எடையில் கைவைக்கும் வியாபாரிகளைத்தான் எனக்குத் தெரியும், வோல்ட்டில் கைவைக்கும் தண்டவாளத்தை அப்போதுதான் பார்த்தேன். நீ வந்து பார்த்துச் சிரித்தது அந்த வாரத்தில்தான்.

நீ போன பிறகு பாய்ந்து வேலையில் இறங்கினேன். பெட்டியிலிருந்து நேராக மூன்று இடங்களுக்குத் தனித்தனி ஒயர் இழுத்தால் மதிலோரமும் முழுக் கரண்டு கிடைக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வீட்டில் அழைப்பு மணிக்கு வாங்கிய மெல்லிய ஒயர் மிச்சம் இருந்தது. அதை மண்ணுக்கடியில் புதைத்து மூன்று இடத்திலும் கட்டினேன். ஸ்விட்சைப் போட்டால் டக். மறுபடி போட்டால் மறுபடி டக். பெட்டி சரியில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் சோதித்துப் பார்த்து, "பெட்டி தங்கமா இருக்கு சார்" என்றார். வீட்டுக்கு வந்தால் டக். மறுநாளும் ஓடினேன். அவரும் அசரவில்லை. "தங்கமா இருக்கு சார்." கோபத்தில் பத்து ஆம்பியர் பெட்டியே வாங்கி வந்துவிட்டேன். அதைப் போட்டேன். டக் இல்லை! அத்துடன், அழகாகப் புகையும் எழும்பியது. நான் கை தட்டினேன். "பாத்தியா, புகை! புகை!" என்று உன் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "ரயில் இங்க நிக்குது, புகை அங்க பூச்செடியிலேர்ந்து வருதே" என்றாள். அவளே ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கினாள். மண்ணுக்கடியில் ஒயர் உருகிப்போயிருந்தது. விஷயம் இதுதான்: மூன்றாவது இடத்தில் இடது தண்டவாளத்து ஒயரை வலதிலும், வலதை இடதிலும் கட்டி ஷார்ட் சர்க்யூட் பண்ணியிருக்கிறேன். ஐந்து ஆம்பியர் பெட்டி பாவம், நான் செய்த தப்பைத்தான் டக் டக்கென்று சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கடைக்கும் வீட்டுக்குமாகக் காவடி போலத் தூக்கியிருக்கிறேன்.

உன் அக்கா திட்டவில்லை. தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்து வந்து, ஒரு பக்கத் தண்டவாளத்தில் மட்டும் தோட்டம் முழுக்க இரண்டு அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டாள். "துணிக்கு நல்ல பக்கம் எது, கெட்ட பக்கம் எதுன்னு நான் இப்படித்தான் அடையாளம் வெச்சுப்பேன். இனி சிவப்பு ஒயர் சிவப்பு நூல்லதான் கட்டணும். சரியா?" என்றாள். தடித்த ஒயர் வாங்கிச் சிவப்பைச் சிவப்பில் கட்டினேன். எலுமிச்சை மரத்தடியில் பத்தொன்பது வோல்ட்! அன்று நான் சாப்பிட்டது எனக்கே தெரியாது.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் பெய்தது. பித்தளை கறுத்துப்போய், இணைப்புகளில் மண் ஏறி, பழையபடி ரயில் பாதி வழியில் நிற்க ஆரம்பித்தது. பாத்திரம் தேய்க்கும் நாரை வைத்துக்கொண்டு முட்டி போட்டுத் தேய்த்தேன். ஒரு கோடியில் தேய்த்து மறுகோடி போவதற்குள் முதல் கோடி மங்கிவிடும். வெள்ளிக்கிழமை மாலை கடைசியாக ஓட்டிப் பார்த்தேன். எலுமிச்சை மரம். நின்றுவிட்டது. மைத்துனா, உன்னிடம் மறைப்பானேன், அன்று அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய், கொட்டகைக்கு எத்தனை அடி வரும் என்று நானே அளந்தேன். உன் அக்கா ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தாளோ இல்லையோ தெரியாது.

ஆனாலும் விடுவேனா? சனிக்கிழமை விடிந்ததிலிருந்து முப்பத்தெட்டு மீட்டரையும் இரண்டு பக்கமும் தேய்த்து முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார். உன் அக்காவுக்கு அன்று ஒரு வீட்டில் திரைச்சீலைக் கம்பி மாட்டும் வேலை. அதைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டாள். "ட்ரில்லு இன்னிக்கு ஓடாது" என்று ஏதோ சொன்னாள். உண்மையில் என் பெருமை நாளில் கூட இருக்க ஆசை, வாய்விட்டுச் சொல்லமாட்டாள். சோதனை ஓட்டம் விடலாமா என்றேன். "வேண்டாம், ஓடறப்ப ஓடட்டும்" என்றாள். வண்டிகளை அவளே தண்டவாளத்தில் ஏற்றினாள். நடுவில் வரும் மூடு வண்டியை மட்டும் நான் ஒரு கை தூக்கிக் கொடுத்தேன். அறுநூற்றைம்பது கிராம் கூடுதல் என்று என் கை உடனே சொல்லிவிட்டது. வளைவில் கவிழாமல் இருக்க அதில் கூழாங்கல் போட்டு வை என்று நான் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்துப் போட்டிருக்கிறாள் பார்!

நான் கரண்டு பெட்டியின் குமிழைத் திருகினேன். வெயில் அடித்த அடியில் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிவதுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. உன் அக்கா மூடு வண்டியை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்தாள். ரயில் கிளம்பியது. ஆகா! வீட்டருகே என்ன வேகமோ மதிலோரமும் அதே வேகம். எலுமிச்சை மரம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் மரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, முன்விளக்கு கொஞ்சமும் மங்காமல்! பத்து ஆம்பியர் என்றால் சும்மாவா, நான் தேய்த்த தேய்ப்பு என்றால் சும்மாவா! முழுச் சுற்று வந்ததும் குமிழைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன். அப்படியும் நாலு அடி ஓடியது. கனமான ரயில், உடனே நிற்காது, இது உனக்குத் தெரியாததா? அதற்குள் உன் அக்கா ஓடிப்போய் மூடு வண்டியை இரண்டு கையாலும் பிடித்து அணைத்துக்கொண்டாள். அவள் என் ரயிலை அணைத்தது அதுவே முதல் முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பல் டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஆகவே, மீசையை வழித்து, உறையில் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பவும். முழு மீசைதானா என்று நிறுத்துப் பார்க்க என்னிடம் முத்திரை போட்ட தராசு இருக்கிறது. கொட்டகைப் பேச்சு இத்துடன் முடிந்தது. உன் அக்காவுக்கு இன்னும் நல்ல வெளிச்சமாக ஜன்னலோரம் ஒரு விளக்குப் போட்டுத் தரலாம் என்றிருக்கிறேன்.

உன் சிக்னல் எல்லாம் பச்சையாக இருக்கட்டும், உன் வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரட்டும். உன் மனைவிக்கு என் அன்பு. மழித்த முகத்தோடு நூறாண்டு இரு.

தோட்ட ரயில் தனியொருவனாகப் போட்ட,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டியாகிவிட்டது, மறுபடி பிரித்து எழுதுகிறேன். கரண்டு பெட்டியைத் துடைத்து உள்ளே வைக்கலாம் என்று அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டே சுவர் வரை வந்தேன். என் ப்ளக் இருக்க வேண்டிய இடத்தில் உன் அக்காவின் இஸ்திரிப் பெட்டி ப்ளக் இருந்தது. என்னுடையது தரையில் கிடந்தது.

"இதை எப்ப கழட்டினே?"

"சனிக்கிழமை காலையில. தேய்க்கத் துணி நிறைய இருந்தது."

"ஞாயித்துக்கிழமை திரும்ப மாட்டினே இல்ல?"

"இல்ல."

போய் மூடு வண்டியின் கூரையைத் தூக்கினேன். கூழாங்கல் இல்லை. அவளுடைய ட்ரில் பேட்டரி, பதினெட்டு வோல்ட், ஆடாமல் இருக்கத் திரைச்சீலைத் துணியில் சுற்றித் தைத்து உட்கார வைத்திருக்கிறாள். அதிலிருந்து இரண்டு ஒயர் எஞ்சினுக்குப் போகிறது. அடியில் ஒரு குட்டி ஸ்விட்ச். சக்கரத்திலிருந்து மோட்டாருக்கு வரும் ஒயர்களைக் கழற்றி, நுனியில் ஒழுங்காக டேப் ஒட்டியிருக்கிறாள். தடவிக் கொடுத்ததும் அணைத்துக்கொண்டதும் எதற்கு என்று இப்போது உனக்கும் புரிந்திருக்கும்.

"நான் தோத்திருந்தா உனக்குக் கொட்டகை கிடைச்சிருக்குமே, ஏன் இப்படிப் பண்ணினே?" என்றேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை நீங்க டேப்பை வெச்சு அளந்தீங்களே, ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த மூஞ்சியைப் பாத்ததுக்கப்புறம் அந்தக் கொட்டகையில உக்காந்து என்னால தைக்க முடியுமா? சரி, பேட்டரியைக் கழட்டிக் கொடுங்க. நாளைக்குக் கம்பி மாட்டப் போகணும்."

மைத்துனா, எத்தனையோ தராசில் தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன். தராசு சரியான எடையைக் காட்டினாலும் காந்தம் இருந்தால் பறிமுதல்தான். நான் தோற்றுவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. மேலே என்னைப் பற்றி எழுதியிருக்கும் பெருமை அத்தனையையும் உன் அக்காவின் பெயருக்கு மாற்றிப் படித்துக்கொள். மீசை உன்னிடமே இருக்கட்டும். கொட்டகை போடுகிறேன், வரும் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வா. தண்டவாளத்தைப் பிடுங்கப் போனேன், அவள் விடவில்லை. "கொட்டகைக்குக் குறுக்கால போகுதே" என்றேன். "சுவத்துல ரெண்டு ஓட்டை போட்டா உள்ள வந்து வெளிய போகும். நூல்கண்டு கொண்டுவரட்டும். ட்ரில்லு என்கிட்ட இருக்கு" என்றாள்.

தம்பி, இது அக்கா. ரயில் ஓடும்போது யாரும் அதைத் தொடவில்லை, டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இவர் சொல்வதைக் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை வழித்துவிட்டு வா. அது உனக்கு எப்போதுமே நன்றாக இல்லை.